நுரையீரல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு நோயாளி சௌகரியமாக இருக்கிறாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்பு அறுவை வார்டில் நர்ஸாக வேலை பார்க்கிறேன். கூட இருக்கும் மகனோ மனைவியோ, புதிதாக வேலைக்குச் சேர்ந்தவரோ, சில சமயம் நோயாளியே கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவர்கள் கேட்ட விதத்திலேயே எழுதி, நான் சொல்லும் பதிலையும் கீழே போட்டிருக்கிறேன். மருந்தின் அளவு பற்றி இதில் எதுவும் இல்லை. அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வலி இல்லைன்னா சௌகரியமா இருக்கார்னுதானே அர்த்தம்?

இல்லை. வலி பெரிய பங்கு, ஆனால் ஒரு பங்குதான். மூச்சு வாங்குவது, இருமல், விலாவில் செருகிய டியூப், தூக்கமின்மை, மலச்சிக்கல், குமட்டல், "எல்லாத்தையும் எடுத்துட்டாங்களா" என்கிற பயம் எல்லாமே அவரைப் படுத்தும். சௌகரியத்தைப் பற்றி நர்ஸிங்கில் தனிக் கோட்பாடே வகுத்தவர் கேத்தரின் கொல்கபா. உடல், மனம், சுற்றுப்புறம், கூட இருக்கும் மனிதர்கள் என நான்கு பக்கமிருந்தும் பார்க்கச் சொன்னார். 1990-களில் 48 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தையும் உருவாக்கினார். வார்டில் 48 கேள்விகளை யாரும் தினமும் கேட்பதில்லை. ஆனால் அந்த நான்கு பக்கமும் மனதில் இருந்தால் போதும், பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

ஒருவர் வலி 10-க்கு 2 என்றுதான் சொன்னார். ஆனால் இரண்டு ராத்திரி கண்ணை மூடவில்லை. கட்டிலுக்குக் கீழே டியூப் போய்ச் சேரும் பாட்டிலில் தண்ணீர் 'குபுகுபு' என்று கொப்பளிப்பதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்திருக்கிறார். நுரையீரல் ஓட்டையாகிக் காற்றெல்லாம் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துவிட்டார். மார்புக்குள் தங்கிய காற்றை வெளியேற்றத்தான் அந்தப் பாட்டில் இருக்கிறது, கொப்பளிப்பு எவ்வளவு என்பதை நாங்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறோம் என்று சொன்னதும் அன்றைக்குத் தூங்கினார். வலி மருந்தைக் கூட்டியிருந்தால் அந்தத் தூக்கம் வந்திருக்காது.

0-லேர்ந்து 10-க்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கன்னு சும்மா சும்மா கேக்குறீங்களே, அதுல என்ன தெரிஞ்சுடும்?

0 என்றால் வலியே இல்லை. 10 என்றால் அவரால் நினைத்துப் பார்க்க முடிந்த அதிகபட்ச வலி. பொதுவாக 1 முதல் 3 வரை லேசானது, 4 முதல் 6 வரை நடுத்தரம், 7-ம் அதற்கு மேலும் கடுமையானது என்று எடுத்துக்கொள்வோம். பக்கத்துக் கட்டில்காரரின் 5-ஐயும் இவருடைய 5-ஐயும் ஒப்பிட்டுப் பயனில்லை. இவருடைய காலை நம்பரையும் மதிய நம்பரையும் ஒப்பிட வேண்டும். சுமார் 2 புள்ளி, அல்லது முன்பிருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், "ஆமா, தேவலை" என்று நோயாளியே உணர்வார்.

மருந்து கொடுத்த பிறகு திரும்ப வந்து கேட்காவிட்டால் முதலில் கேட்டதும் வீண்தான். ஊசி வழியாகக் கொடுத்திருந்தால் அரை மணிக்குள், மாத்திரை என்றால் சுமார் ஒரு மணி நேரத்தில் மறுபடி கேட்க வேண்டும். நாங்கள் மறந்தால் நீங்கள் ஞாபகப்படுத்துங்கள், தப்பே இல்லை.

படுத்திருக்கும்போது வலியே இல்லைங்கறார். அப்புறம் ஏன் அவரை இருமச் சொல்லிப் படுத்தறீங்க?

இந்தப் பக்கத்தில் ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். வயிற்றிலோ காலிலோ அறுவை நடந்தால் அந்த இடத்தை ஓரளவு அசையாமல் வைத்திருக்கலாம். மார்பில் அது நடக்காது. நிமிடத்துக்குப் பன்னிரண்டிலிருந்து இருபது தடவை விலா எலும்புகள் ஏறி இறங்குகின்றன. வலி வரும் என்று தெரிந்ததும் நோயாளி தன்னையறியாமல் மேலோட்டமாக மூச்சு விட ஆரம்பிக்கிறார், இருமலை அடக்குகிறார். வலி நம்பர் 1-க்கு வந்துவிடும். உள்ளே சளி தேங்கும், நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கும், அடுத்தது நிமோனியா. அசையாமல் படுத்திருக்கும் நோயாளியைப் பார்த்து "நிம்மதியா இருக்கார்" என்று முடிவு செய்வதுதான் இந்த வார்டில் நான் அதிகம் பார்க்கும் தவறு.

அதனால் மூன்று நிலையில் கேட்கிறோம்: சும்மா இருக்கும்போது, மூச்சை நன்றாக இழுக்கும்போது, இருமும்போது. கேட்பதோடு நிற்காமல் பார்க்கவும் வேண்டும். நன்றாக இருமுபவர் மூச்சை நிறைய இழுத்து, வயிறு உள்ளே போகிற மாதிரி இருமுவார். வலி உள்ளவர் பாதி மூச்சிலேயே நின்றுவிடுவார். கை தானாகத் தையல் பக்கம் போகும். தொண்டையிலிருந்து மட்டும் 'க்ஹும்' என்று ஒரு சத்தம் வரும், சளி அசையாது. நம்பர் 3 என்று சொன்னாலும் இப்படி இருமினால் எனக்கு அது 3 இல்லை. முழுதாக இரும முடிகிறதா, ஓரளவு முடிகிறதா, முடியவே இல்லையா என்று தனியாகக் குறித்துக்கொள்வேன்.

ஒரு சின்னத் தலையணையைத் தையல் பக்கத்தில் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமினால் இழுப்பு குறையும். மூச்சுப் பயிற்சி, நடை இவற்றுக்கு முன்பே மருந்து வேலை செய்ய ஆரம்பித்திருக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் வரும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கேமரா வெச்சு சின்ன ஓட்டைதான் போட்டாங்க. அப்ப வலி கம்மியாத்தானே இருக்கணும்?

விலாவை அகலமாகத் திறந்து செய்யும் அறுவையைவிடக் கம்மிதான், சீக்கிரம் எழுந்தும் நடப்பார்கள். ஆனால் இல்லாமல் போகாது. ஒவ்வொரு விலாவின் கீழ் ஓரத்திலும் ஒரு நரம்பு ஓடுகிறது. ஓட்டை சின்னதானாலும் கருவி நுழைவதும் டியூப் தங்குவதும் இரண்டு விலாவுக்கு நடுவில்தான், அந்த நரம்புக்குப் பக்கத்தில்தான். "சின்ன ஆபரேஷன்தானே" என்று வீட்டார் சொன்னதைக் கேட்டு வலியைச் சொல்லவே வெட்கப்பட்டவர்கள் உண்டு.

அறுத்தது மார்புல. தோள்பட்டை ஏன் இப்படி வலிக்குது?

அறுவை நடந்த அதே பக்கத்துத் தோள் என்றால் இது மிகச் சாதாரணம். நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து கிளம்புகிறது. தோள்பட்டைத் தோலின் உணர்வும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் போய்ச் சேருகிறது. உள்ளே அந்த நரம்பு சீண்டப்பட்டால் மூளை அதைத் தோள் வலியாகப் புரிந்துகொள்கிறது. அறுவையின்போது கையைத் தூக்கி வைத்துப் பல மணி நேரம் படுக்க வைத்ததும் சேர்ந்துகொள்ளும்.

முதுகில் மெல்லிய குழாய் வழியாக வலி மருந்து விடும் எபிடியூரல் போட்டிருந்தாலும் இந்த வலி அதற்கு அடங்காது. அதனால் "வலி எவ்வளவு" என்பதோடு "எங்கே" என்றும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். "தையல் பக்கம் 2, தோள் 7" என்று வந்தால் எபிடியூரலைக் கூட்டிப் பயனில்லை, பாராசிட்டமால் போன்ற வேறு மருந்துகளை டாக்டர் யோசிப்பார். ஒன்று மட்டும் ஜாக்கிரதை. நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருந்து, வியர்த்து, வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் அதைத் தோள் வலி என்று விட்டுவிடாதீர்கள். உடனே கூப்பிடுங்கள்.

டியூப் எடுத்தா சரியாயிடுமா?

பெரும்பாலும் எடுத்த அன்றைக்கே "அப்பாடா" என்பார்கள். எடுக்கும் அந்தச் சில நொடிகள் நன்றாகவே வலிக்கும், முன்கூட்டியே மருந்து கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரை டியூப் உடம்புக்கடியில் மாட்டியிருக்கிறதா, மடங்கியிருக்கிறதா என்று புரண்டு படுக்கும்போதெல்லாம் பாருங்கள். பாதி "திடீர் வலி"க்குக் காரணம் பிளாஸ்டர் இழுப்பதுதான்.

வலிக்கு அழுத்தற பட்டன் குடுத்திருக்காங்க. அம்மா தூங்கும்போது நான் அழுத்தலாமா?

கூடவே கூடாது. பாசத்தில் செய்வதுதான், புரிகிறது. ஆனால் அந்த மெஷினின் பாதுகாப்பே இதில்தான் இருக்கிறது: மருந்து அதிகமானால் தூக்கம் வரும், தூங்குபவர் அழுத்த மாட்டார். நீங்கள் அழுத்தினால் அந்தப் பூட்டு உடைந்துவிடுகிறது.

மார்ஃபின் வகை மருந்தில் முதலில் அரைத்தூக்கம் அதிகமாகும், அதன் பிறகுதான் மூச்சு குறையும். அதனால்தான் நாங்கள் வலியோடு தூக்கக் கலக்கத்தையும் குறிக்கிறோம். கூப்பிட்டதும் முழித்துப் பதில் சொல்கிறாரா, பேச்சின் நடுவிலேயே கண் சொருகிவிடுகிறதா? இரண்டாவது என்றாலோ, ஒரு நிமிடத்தில் மூச்சு பத்துக்கும் குறைவாக இருந்தாலோ, விட்டு விட்டுக் குறட்டை வந்தாலோ "நல்லாத் தூங்கறாங்க" என்று நினைக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

விரல்ல மாட்டற மெஷின்ல 97 காட்டுது. ஆனா மூச்சு முட்டுதுங்கறார். எதை நம்பறது?

இரண்டையும். மெஷின் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்கிறது. மூச்சு விட எவ்வளவு சிரமப்படுகிறார் என்று அதற்குத் தெரியாது. வலிக்கு இருப்பது போலவே மூச்சுத் திணறலுக்கும் 0 முதல் 10 வரை ஓர் அளவு உண்டு, போர்க் அளவுகோல் என்பார்கள். அதையும் சும்மா இருக்கும்போது ஒரு தடவை, நடந்து வந்ததும் ஒரு தடவை கேட்கலாம். எளிய வழி ஒன்று: ஒரு மூச்சில் எத்தனை வார்த்தை பேசுகிறார் என்று கவனியுங்கள். நேற்று ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொன்னவர் இன்று மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை நிற்கிறார் என்றால் அது செய்தி.

திடீரென்று திணறல் கூடினால் நம்பர் எதுவாக இருந்தாலும் சொல்ல வேண்டும். மார்புக்குள் காற்று சேர்வது, நுரையீரலில் ரத்தக்கட்டி, நிமோனியா, இதயத் துடிப்பு தாறுமாறாவது எல்லாம் இந்த நாட்களில் வரக்கூடியவை. டாக்டர் பார்த்து அப்படி ஏதும் இல்லை என்றால், தலைப்பக்கத்தை உயர்த்தி உட்கார வைப்பது, சின்ன விசிறியால் முகத்தில் காற்றுப் படச் செய்வது, உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை விடச் சொல்வது எல்லாம் நிஜமாகவே உதவும். ஒரு நுரையீரலை முழுதாக எடுத்தவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கலாம் என்பதை மட்டும் உங்கள் சர்ஜனிடமே கேளுங்கள்.

எதைக் கேட்டாலும் "நல்லாத்தான் இருக்கேன்"கறார் அப்பா. எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இப்படிச் சொல்பவர்களுக்குக் காரணம் இருக்கும். பிள்ளைகள் முன்னால் காட்டிக்கொள்ளக் கூடாது, நர்ஸைத் தொந்தரவு செய்யக் கூடாது, மருந்துக்கு அடிமையாகிவிடுவோம். எல்லாவற்றையும்விட, வலி இருக்கிறது என்றால் புற்று மிச்சம் இருக்கிறது என்கிற பயம். கடைசியைப் பலர் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. "தையல் வலி வேறு, நோய் வேறு" என்று நீங்களே பேச்சை எடுத்துவிட்டால் கதவு திறக்கும்.

"வலிக்குதா" என்று கேட்டால் "இல்லை" என்று முடித்துவிடுவார். "இருமும்போது எங்கே பிடிக்குது", "ராத்திரி எத்தனை தடவை முழிச்சீங்க", "கட்டில்லேர்ந்து எழும்போது எந்தக் கையை ஊன்றினீங்க" என்று கேளுங்கள். இவற்றுக்கு இல்லை என்று பதில் சொல்ல முடியாது.

அப்புறம், கண்ணை உபயோகியுங்கள். தண்ணீர் டம்ளரை அறுவை நடந்த பக்கத்து மேஜையில் வைத்துவிட்டுப் பாருங்கள். அந்தக் கையை நீட்டி எடுக்கிறாரா, உடம்பையே திருப்பி மறு கையால் எடுக்கிறாரா, இல்லை தாகத்தோடு சும்மா இருக்கிறாரா? ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் மூன்று நாளாக வலி 0 என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சட்டையில் மேல் இரண்டு பட்டன் மட்டும் போடாமல் இருந்தது. கை அவ்வளவு உயரத்துக்குப் போகவில்லை. அதைக் காட்டிக் கேட்டதும்தான் "ஆறு, ஏழு இருக்கும்மா" என்றார்.

மறதி நோய் இருக்கு, நம்பர் சொல்லத் தெரியாது. ஐசியூவில் வாயில் குழாய் இருக்கு. இவங்களை எப்படி?

முதலில், முடியாது என்று நாமே முடிவு செய்யக் கூடாது. லேசான மறதி உள்ளவர்கள் நம்பர் சொல்லாவிட்டாலும் "கொஞ்சம், நிறைய" என்று சொல்வார்கள், அல்லது ஆறு முகங்கள் வரைந்த அட்டையில் ஒன்றைத் தொட்டுக் காட்டுவார்கள். அந்த அட்டையை அவர்தான் தொட வேண்டும். அவர் முகத்தைப் பார்த்து நாம் பொருத்தமான படத்தைத் தேர்ந்தெடுப்பது தவறான முறை.

அதுவும் முடியாவிட்டால் மூச்சு, முனகல், முகம், உடம்பின் இறுக்கம், தட்டிக்கொடுத்தால் அமைதியாகிறாரா என்ற ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கும் இதுபோல 8-க்கு மதிப்பெண் போடும் ஓர் அளவு உண்டு. ஆனால் அவர் முகம் சுளிப்பது வழக்கமா, புதிதா என்று வீட்டாருக்குத்தான் தெரியும். ஒரு மகள், "அம்மாவுக்கு வலிச்சா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கிட்டே இருப்பாங்க" என்றார். அதற்குப் பிறகு போர்வை ஓரம் சுருண்டிருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் எல்லோருக்கும் பழக்கமானது.

தெளிவாக இருந்தவர் திடீரென்று நாள், இடம் தெரியாமல் பேசினாலோ, மிகவும் அமைதியாகி எதிலும் ஒட்டாமல் போனாலோ அது வயதின் கோளாறு என்று ஒதுக்காதீர்கள். அமைதியான குழப்பம்தான் அதிகமாகத் தவறிப்போகிறது.

தூக்கம் இல்லை, மூணு நாளா வெளிக்கே போகலை. இதெல்லாமா டாக்டர்கிட்ட சொல்றது?

கட்டாயம் சொல்ல வேண்டும். வலி மருந்தே மலச்சிக்கலைக் கொண்டுவரும், முக்கினால் தையல் வலிக்கும், அதற்குப் பயந்து சாப்பாட்டைக் குறைப்பார். அறுவைக்குப் பின் எப்படித் தேறுகிறார் என்று பார்க்க 15 கேள்விகள், மொத்தம் 150 மதிப்பெண் கொண்ட ஒரு படிவம் பல இடங்களில் இருக்கிறது. அதில் தூக்கம், சாப்பாடு, குமட்டல், யாராவது துணைக்கு இருக்கிறார்களா என்பதெல்லாம் வலிக்குச் சமமாக இடம் பிடித்திருக்கின்றன.

8-னு சொல்றார், ஆனா போன்ல சிரிச்சுப் பேசிட்டு இருக்கார். நம்பறதா வேண்டாமா?

புதிதாக வரும் நர்ஸ்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. நம்புங்கள். வலி என்பது அதை அனுபவிப்பவர் சொல்வதுதான் என்று மார்கோ மெக்காஃபரி என்ற அமெரிக்க நர்ஸ் 1968-லேயே எழுதிவிட்டார். வலியை மறக்கத்தான் பலர் போனை எடுக்கிறார்கள். சிரிப்பதால் வலி இல்லை என்றால், மேலே ஒரு பதிலில் வந்த, வலி 0 என்றே சொன்ன ஆசிரியருக்கும் வலி இல்லை என்றுதான் எழுதியிருப்போம்.

நம்புவது என்றால் உடனே மருந்தைக் கூட்டுவது என்று அர்த்தமில்லை. எங்கே, எப்போது, எந்த மாதிரி என்று கேளுங்கள். அந்த 8 இருமலுக்கா, தோளுக்கா, டியூப் போட்ட இடத்துக்கா, இல்லை நாளை வரப்போகும் பயாப்ஸி முடிவுக்கா என்று அப்போதுதான் தெரியும்.

அப்படின்னா பூஜ்யம் ஆகற வரைக்கும் மருந்து கேக்கலாமா?

பூஜ்யம் இலக்கு இல்லை. 1990-களில் அமெரிக்காவில் வலியை "ஐந்தாவது உயிர்க்குறி" என்று அறிவித்து, நாடித்துடிப்பு போல எல்லோருக்கும் அளக்க ஆரம்பித்தார்கள். நோக்கம் நல்லதுதான். ஆனால் நம்பரைக் குறைப்பதே வேலையாகிப்போய், மார்ஃபின் வகை மருந்துகள் அளவுக்கு மீறிப் போகவும் அது ஒரு காரணம் என்ற விமர்சனம் எழுந்தது. 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்கம் அந்தப் பெயரைக் கைவிடச் சொன்னது. நன்றாக இரும முடிகிறதா, வராந்தாவில் நடக்க முடிகிறதா, ராத்திரி தூங்க முடிகிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் நம்பர் 3-ல் நின்றாலும் பரவாயில்லை.

பயத்தையும் அழுகையையும் எப்படி அளக்கறது?

அதற்கும் 0 முதல் 10 வரை வெப்பமானி போல வரைந்த ஒரு படம் இருக்கிறது. 4 அல்லது அதற்கு மேல் என்றால் இன்னும் விரிவாகப் பேச வேண்டும் என்று அர்த்தம். பதற்றத்துக்கு ஏழு, மனச்சோர்வுக்கு ஏழு என 14 கேள்விகள் கொண்ட படிவமும் 1983-லிருந்து புழக்கத்தில் உள்ளது.

இந்த நோயில் மட்டும் கூடுதலாக ஒன்று உண்டு, குற்ற உணர்ச்சி. புகைத்தவர் "நானே தேடிக்கிட்டேன், வலிக்கட்டும்" என்று மருந்தை மறுத்ததைப் பார்த்திருக்கிறேன். புகையைத் தொடாதவருக்கோ, பார்க்க வருகிற எல்லோரும் "சிகரெட் பிடிப்பீங்களா" என்று கேட்பதே ரணம். பார்க்க வருபவர்களிடம் அந்தக் கேள்வியை வாசலிலேயே தடுத்துவிடுங்கள்.

தையல் ஆறி மூணு மாசமாச்சு. சட்டை பட்டாக்கூட எரியுது. இது சாதாரணமா?

அபூர்வம் இல்லை, ஆனால் "பொறுத்துக்கணும்" என்பதும் இல்லை. மேலே சொன்ன விலா நரம்பு அடிபட்டதால் வருவது. எரிச்சல், ஷாக் அடிப்பது போன்ற சுரீர், ஊசி குத்தல், ஓரிடம் மரத்துப்போய் அதன் பக்கத்திலேயே துணி பட்டால் தாங்க முடியாமை என்றெல்லாம் வரும். பெண்களுக்கு மார்புக்குக் கீழே மரத்துப்போய் உள்ளாடை அணியவே கஷ்டமாகும், இதை ஆண் டாக்டரிடம் சொல்லத் தயங்குகிறார்கள். நரம்பு வலியா என்று கண்டுபிடிக்கப் பத்து அம்சக் கேள்வித்தாள் உண்டு. 4 அல்லது அதற்கு மேல் வந்தால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். சாதாரண வலி மாத்திரைக்கு இது சரியாக மசியாது, வேறு வகை மருந்துகள் இருக்கின்றன. அதனால் "வலிக்குது" என்று மட்டும் சொல்லாமல், எப்படி வலிக்கிறது என்று சொல்லுங்கள்.

குறைந்துகொண்டே வந்த வலி திரும்பக் கூடினாலோ, புது இடத்தில் வந்தாலோ, ராத்திரியில் எழுப்பினாலோ அடுத்த செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.

வறட்டு இருமல் நிக்கவே இல்லை, குரலும் கரகரங்குது?

நுரையீரலின் ஒரு பகுதியை எடுத்த பிறகு வறட்டு இருமல் சில வாரம், சிலருக்குச் சில மாதம்கூட நிற்கும். பேசும்போதும் படுக்கும்போதும் கூடும். குரல் கரகரத்து, தண்ணீர் குடிக்கும்போது புரையேறினால் குரல் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். அதைச் சீக்கிரம் காட்டுங்கள்.

வீட்டுக்குப் போனப்புறம் நாங்க என்ன கவனிக்கணும், எப்படி எழுதி வைக்கணும்?

ஒரு நோட்டு போதும். காலை ஒன்று, மாலை ஒன்று. ஒரு மனைவி எழுதிக் கொண்டுவந்த பக்கம் இப்படி இருந்தது: "காலை: சும்மா 1, இருமினா 5, தோள் 0. தெருமுனை வரை நடந்தார், ஒரு தடவை நின்றார். ராத்திரி இரண்டு தடவை முழிப்பு. வெளிக்குப் போனார். மத்தியானம் யாரோடும் பேசலை." டாக்டர் அந்தக் கடைசி வரியிலிருந்துதான் ஆரம்பித்தார்.

காய்ச்சல், திடீர் மூச்சுத் திணறல், சளியில் ரத்தம், நெஞ்சு படபடப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, தையலில் சீழ், கழுத்திலோ மார்பிலோ தோலைத் தொட்டால் பொறபொறவென்று நொறுங்குகிற மாதிரி இருப்பது, இவற்றில் எது வந்தாலும் நோட்டில் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். கிளம்பும்போது நோட்டையும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.